இரண்டு இறாத்தல்

சுண்டுக்குளி வீட்டு யன்னல்
மேலே தள்ளினால் நிற்காது.
தும்புத்தடிதான் இத்தனை காலமும் முட்டு.

திருகாணி கழற்றிப்
பக்கப் பலகையைத் திறந்தேன்.
இடப்பக்கம் அறுந்த கயிறு, இரும்புக் குண்டு.
வலப்பக்கம்
ஐயாவின் கடைப் படி,
இரண்டு இறாத்தல், முத்திரை அழியாமல்.

இது காணாமற்போன கிழமைதான்
எமிலியாம்பிள்ளையைக் கடையால் நிற்பாட்டினது.
"பழைய இரும்புக்கு வித்திட்டான்."
அவன் ஒன்றும் பறையவில்லை,
காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

முடிச்சு ஐயாவுடையது.
சீனி மூட்டைக்கும் இதே இரட்டைச் சுருக்குத்தான்.

புதுக்கயிறு கோத்தேன்,
கப்பிக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன்.
கண்ணாடி ஒரு விரலுக்கு ஏறுகிறது,
விட்ட இடத்தில் நிற்கிறது.

பலகையை இன்னும் பூட்டவில்லை.
இதே பாரத்தில் வேறு இரும்பு தேடவேணும்,
குருநகரில்
அவன் எந்த ஒழுங்கை என்று விசாரிக்கவேணும்.