நடுக்கடலில் மதியச் சாப்பாடு

நூறு ரூபாய்க்கு இரண்டு மைல் என்கிறது அட்டை,
பட்டியலில் உள்ள ஓட்டல் என்றால் மட்டும்.

நீடாமங்கலம் கேட் மூடிக்கிடக்க
ஜீப்பில் உட்கார்ந்து பட்டியலைத் தள்ளிப் பார்க்கிறேன்.
திருவாரூரில் இரண்டு, மன்னார்குடியில் ஒன்று,
அதிலும் குருமா நேற்றையது.

மூழ்கிய பயிரையும் காய்ந்த பயிரையும்
அளக்கிற வேலை எனக்கு.
இழப்பு எத்தனை சதவீதம் என்று எழுதிவிட்டு
கை கழுவி
பரோட்டாவை மைல் மைலாகப் பிய்க்கிறேன்.

திருச்சி ஏர்போர்ட் வாசலிலிருந்து
ஆனியில் புறப்பட்டதாகக் கணக்கு.
ஆடி முடிவதற்குள் தஞ்சாவூர்.
ஆவணியில் கீழ்வேளூர் தாண்டி
நாகப்பட்டினம் கலங்கரை விளக்கம் வரை சாப்பிட்டேன்.
இது ஐப்பசி.
கடலுக்குள் நூற்றுப் பன்னிரண்டு மைல்.

அக்கரையில் பினாங்கு.
அங்கே ஜெசிந்தா,
ஹாஸ்டலில் தன் தட்டை விட்டு
என் தட்டிலேயே சாப்பிட்டவள்.

வைரக்கண்ணு மெஸ்ஸில் மெஷின் கிடையாது.
விரால் குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்து
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
அந்தத் தெருவைக் கடந்துவிடுவேன்
நாலு மாதமாக.

இன்று மழை.
வெண்ணாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஜீப் இருமி நின்றது, சரியாக அவர் வாசலில்.
"சில்லறை இல்லேன்னா நாளைக்குக் குடுங்க"
என்றபடி இலை போட்டார்.

இரண்டாம் தடவையும் சோறு கேட்டேன்.
பூஜ்யம் மைல்.
ஓர் அங்குலம் நகராமல்
அலைமேல் அப்படியே கிடந்தேன்,
நாக்கில் முள்ளைத் தேடியபடி.

கை காயும் முன்
ஜெசிந்தாவுக்குக் குரலில் சொன்னேன்:
இன்னைக்கு வரலடி.
குழம்பு நல்லாருக்கு.