ஆணி

நேவிக் கன்ரீன் மேடையில் மூன்றாவது பலகை.
அதில் தலை நிமிர்ந்த ஓர் ஆணி.
ஐந்து வருடம், சனிக்கிழமை தோறும்,
நான் பார்த்த காட்சி அவ்வளவுதான்.

என் தோளில் செலஸ்தீன் நிற்பாள்.
அவளுடைய தோளில் கப்பி.
கைவிரித்து ஒற்றைக்காலில் அவன் சுழலும்போது
கப்பல்காரர் கிளாஸால் மேசையைத் தட்டுவார்கள்.
அந்தத் தட்டல் பலகை வழியே வந்து
என் உள்ளங்காலில் ஏறும்.
ஒரு முகத்தையும் நான் கண்டதில்லை.

மூன்று பேரும் பாடுவதாய் நோட்டீசில் இருக்கும்.
பாட்டு என்னுடையது.
அதற்கொரு கணக்கு உண்டு:
கப்பி வலக்காலைத் தூக்கும்போது மூச்சை இழுக்கவேணும்,
செலஸ்தீன் முழங்காலை மடக்கினால்
இழுத்ததை விடக்கூடாது.
குரல் மேலே போகிற இடத்தில்தான்
இரண்டு பேரும் ஒன்றாய் அசைவார்கள்.
அந்த இடத்தைப் பல்லால் கடித்துப் பாடினேன்.
"என்ன உருக்கம், ஒகஸ்தீனா!" என்பார்
அக்கோடியன் வாசிக்கிற டொமிங்கோ.
உருக்கமில்லை ஐயா,
நூற்றைம்பது றாத்தல்.

ஐம்பத்தாறு, தை மாசம்.
வாடைக்காற்றில் கடல் கறுத்துக் கிடந்த கிழமை
கப்பியின் குரல் உடைந்தது.
வேறெங்கும் இல்லை, உச்சியில் வைத்து.
அரைச்சேவல் கூவினதுபோல ஒரு சத்தம்.
கன்ரீன் முழுக்கச் சிரித்தது.
அவனும் சிரித்தான்.
அந்தச் சிரிப்பு செலஸ்தீனின் இடுப்பைக் குலுக்கி
என் முதுகெலும்பில் கணுக்கணுவாய் இறங்கி
ஆணித்தலையில் போய் நின்றது.

மறுநாள் சேகுத்தம்பி நானாவின் கடையில்
மூட்டை நிறுக்கும் தராசில் அவனை ஏற்றினோம்.
நூற்றியொரு றாத்தல்.
"அரிசியெண்டால் நல்ல விலை," என்றார் நானா.
நானும் ஏறிப் பார்த்தேன். எண்பத்தாறு.
இத்தனை காலமும் அடியில் நின்றது
பலத்தால் இல்லை,
முதலில் பிறந்த குற்றத்தால்.

"இனி நீ கீழே," என்றேன்.
இரண்டு நாள் அவன் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் நாள் டச்பே மணலில் குந்தி
கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"ஏறு."

(செலஸ்தீன் நடுவில்.
அவள் எப்போதும் நடுவில்.
அவளைப் பற்றித் தனியாகச் சொல்லவேணும்,
இப்போது இடமில்லை.)

மஞ்சள் சாட்டின் காற்சட்டை,
இடுப்பில் ஊசி குத்தி இறுக்கியது.
ஏறினேன்.

முதலில் தெரிந்தது வழுக்கை.
இருபது வயசுப் பெடியன்களுக்கும்
உச்சியில் நாணயமளவு வெளிச்சம்.
மூலை மேசையில் ஒருவன்
எங்களைப் பாராமல் கடிதம் எழுதுகிறான்.
கை வேகமாய் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது.
மேல் ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால்
துறைமுகம்.
நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள்
தண்ணீருக்குள் கால் நீட்டி நிற்கின்றன.

தோணியிலிருந்து பார்த்திருக்கிறேன் இந்த ஊரை,
கோட்டை வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன்.
ஒருத்தனின் தோளுக்கு மேலே நின்று
பார்த்ததில்லை.

கப்பி பார்த்திருக்கிறான், ஐந்து வருடமாய்.
ஒருநாளும் சொன்னதில்லை.

டொமிங்கோ தொடங்கின இடத்துக்கே
இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டார்.
"அக்கா, பாடு."
கீழேயிருந்து, அந்த உடைந்த குரல்.
"பாடக்கா, மூச்சு முட்டுது."

பாடினேன்.
எந்த அடியில் தொடங்கினேனென்று
இன்றைக்கும் தெரியாது.

சம்பளத்தில் இரண்டு ரூபா வெட்டினார் மனேஜர்,
பாடாத நேரத்துக்கு.
காசை எண்ணி செலஸ்தீன் முடிச்சில் வைத்தாள்.
டொக்யாட் வீதியால் வீட்டுக்கு நடந்தோம்.
துறைமுகத்தில் என்னென்ன தெரிந்ததென்று
அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.
தோளைத் தடவிக்கொண்டே
கப்பி கேட்டான்:
"அந்த ஆணியை
ஒருத்தரும் அடிச்சு இறக்கேலையோ?"