கையிருப்பு

ஒரு பெட்டிக்கு இருநூறு கிளிப்.
ஒரு கதவுக்கு எட்டு.
இருபத்தைந்தாம் கதவில் பெட்டி காலியாகும்,
அட்டை என் கைக்கு வரும்.
இழுவண்டியில் சுற்றிச் சுற்றி
அட்டை பொறுக்குவது என் வேலை.
அட்டை போனால்தான் பொருள் வரும்.
கேட்காமல் எதுவும் வராது இந்தக் கூரையின் கீழே,
லாரிச் சக்கரத்தில் ஒட்டிவரும் பனியைத் தவிர.

ஜிலினாவில் எங்கள் கார் ஆலைக்குக் கிடங்கு இல்லை.
எங்கே என்று கேட்டால்
மேலாளர் சன்னலைத் திறந்து சாலையைக் காட்டுவார்.
இருக்கைகள் இந்நேரம்
ஸ்த்ரெச்னோ கோட்டைக்குக் கீழே வளைந்துகொண்டிருக்கும்.
கண்ணாடிகள் போலந்து எல்லையில்
ஓட்டுநர் தேநீர் குடித்து முடிக்கக் காத்திருக்கும்.
ஓடுகிற லாரிகளே எங்கள் பத்தாயம்.
இரண்டு மணி நேரத்துக்கு மேல்
எதுவும் இங்கே உட்கார்ந்ததில்லை,
நாங்களும்தான்.

பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்:
இருப்பு என்பது தண்ணீர்,
வற்றவிட்டால் பாறை தெரியும்.
வாஹ் ஆற்றங்கரையில் பிறந்தவள் நான்.
பாறை தெரியும், சரி.
படகில் இருப்பது யார்
என்று கேட்க வாயெடுத்தேன்.
இடைவேளை மணி அடித்துவிட்டது.

நவம்பரில் ஒருநாள்
வெண்டலீனின் அட்டை
இருபத்துநான்காம் கதவிலேயே வந்தது.
அடுத்த வாரமும் அப்படியே.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற இடம் இது.
எட்டுக் கிளிப் எங்கே?
‘தவறி விழுந்தது’ என்று எழுதினேன்.
ஆறு வாரம், ஆறு முறை,
அதே கையெழுத்தில்.

உணவுக்கூடத்தில் அவன் டப்பா கலகலத்தது,
கறுப்பு ரொட்டி அப்படிக் கலகலக்காது.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

“வசந்தத்தில் ஒருமுறை கயிற்றை இழுத்தேன், ஸ்லாவ்கா.
நாற்பது நொடி நின்றது.
யாரும் திட்டவில்லை. கைகுலுக்கினார்கள்.
பிறகு ஐந்து முறை ‘ஏன்’ கேட்டார்கள்,
அவ்வளவு மரியாதையாக.
அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.”

டப்பாவில் நாற்பத்தெட்டு.
ஆறு கதவு. ஆறு நிமிடம்.
ஒரு மனிதன் சேர்த்துவைத்த தூக்கம் அவ்வளவுதான்.

ஜனவரியில் தொனோவாலி கணவாயில் பனி.
கிளிப் லாரி மலைமேல்.
பெட்டியின் அடித்தகடு தெரிந்தது.
வெண்டலீன் குனிந்தான்,
நிமிர்ந்தபோது கை நிறைந்திருந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று கதவு.
நான் வேறு பக்கம் பார்த்தபடி
வண்டியை மெதுவாக ஓட்டினேன்.
ஆறாவது கதவில் லாரி உள்ளே வந்தது.
பலகையில் பச்சை அணையவே இல்லை.
தாமதம்: இல்லை. காரணம்: இல்லை.

நிற்காத வரிசையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.
ஆகவே அதே லாரி, அதே கணவாய்,
அதே நேரத்தில் கிளம்பி
ஒன்பதாம் நாள் மறுபடியும் சிக்கியது.
டப்பாவில் ரொட்டி மட்டும்.
பத்தொன்பது நிமிடம் சிவப்பு.
நானூறு பேர் கையுறையைக் கழற்றாமல் நின்ற நிசப்தத்தில்
கூரைமேல் பனி சரிவது கேட்டது.

முதல் ஏன் லாரியிடம் போனது.
இரண்டாவது கணவாயிடம்.
மூன்றாவது, போன தடவை எப்படித் தப்பித்தோம் என்று திரும்பி
வெண்டலீனைத் தொட்டது.
நான்காவது அவன் டப்பாவை.
ஐந்தாவது
என் கையெழுத்தின் முன் வந்து நின்றது,
அவ்வளவு மரியாதையாக.

வீட்டுச் சுவரோரம்
இரண்டு குளிர்காலத்துக்கு விறகு அடுக்கியிருக்கிறேன்
என்று மட்டும் சொன்னேன்.
யாரோ அதைக் குறித்துக்கொண்டார்கள்.

யாரையும் அனுப்பவில்லை.
லாரி ஒரு மணி முன்னதாகக் கிளம்புகிறது.
இப்போது பெட்டிக்கு இருநூற்றெட்டுக் கிளிப்.
அந்த எட்டுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்:
பாதுகாப்பு இருப்பு.

வெண்டலீன் இன்றும்
டப்பாவைத் திறக்குமுன்
காதோரம் வைத்து ஒருமுறை குலுக்குகிறான்.