இருபத்தாறு அவசரம்

சீமெந்துப் பையைக் கிழித்து விரித்தால்
ஏழு பேர் சுற்றி உட்காரலாம்.
டர்பைன் கொட்டிலில் கதிரை இல்லை.

பட்டியலில் இருபத்தாறு வேலை எழுதி
பக்கத்தில் ஒரு கட்டம் விட்டிருந்தேன்,
எது முதலில் என்று ஆளுக்காள் குறிக்க.
இருபத்தாறிலும் விழுந்திருந்தது "அவசரம்".
நுவன் சிங்களத்தில்.
ஜெசிந்தா மூன்று கோடு போட்டு.

பிரட்டுக்களம் என்றால் சுலபம்.
விடியப் பேர் கூப்பிட்டு
நீ இந்த மலைக்கு, நீ அந்த மலைக்கு என்பார்கள்,
வைதுகொண்டே போவோம்.
இங்கே அனுப்ப ஆளில்லை.
வையவும் ஆளில்லை.

தனுஷ்கோடிக்கு கன்ட்ரோலர் புரோகிராமை மாற்ற வேண்டும்,
எட்டு மாதமாய் அதே கனவு.
யோகேஸ்வரிக்குப் பெயாரிங்:
"பல்லுவலிக்காரன் மாதிரி முனகுது.
அட்டன்ல கிடைக்காது, கண்டிக்குப் போகணும்."
நுவனுக்குக் குழாய்.
ரொபின்சனுக்குக் கணக்கு. முப்பத்தெட்டு வீட்டில்
பதினொரு வீடு மாதக்காசு கட்டவில்லை,
வெட்டிவிடலாமா என்றான்.
செபமாலை, எப்போதும் போல,
வாய்க்கால் வலையில் அடைக்கிற இலை.

இலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.
இலை யாருக்கும் வேண்டாம்.

நாலரைக்குத் தொடங்கிய பேச்சு.
மூலையில் சூட்டுத்தொட்டி,
வீடுகள் எடுக்காத கரண்டையெல்லாம்
தண்ணீரில் எரித்துத் தீர்ப்பது,
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
"நம்ம கூட்டத்தையும் இதோட மாட்டலாம்"
என்றாள் ஜெசிந்தா.

ஆறு மணிக்கு ஆவி நின்றது.
ஆறேகாலுக்கு எங்கள் தலைக்கு மேல் பல்ப்
மஞ்சளாகி, பழுத்து,
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போனது.

ஒரு டோர்ச். ஏழு பேர். அட்டைக்கடி.
வலையில் யூக்கலிப்டஸ் இலை ஒரு முழம்,
அதற்குள் யாருடையதோ கிழிந்த படங்கு.
செபமாலை ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இறங்கும்போது பள்ளத்தில் வெளிச்சம் ஏறியது,
லயம் லயமாக வெள்ளை.
கடைசி லயம் மட்டும்
பீடி நுனி போலச் சிவந்து அப்படியே நின்றது.
ரொபின்சன் நின்றுவிட்டான்.
விரல் நீட்டி எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.

பதினொன்று.

அவ்வளவு நீளத்துக்கு அந்த மெல்லிய வயரை
இழுத்தது நாங்கள்தான்.
பட்டியலில் "வயர் மாற்றுதல்" பத்தொன்பதாவது,
"காசு வசூல்" இரண்டாவது.
இரண்டும் ஒரே வேலை என்று
பகல் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கொட்டிலில் திரும்ப உட்கார்ந்து
அவசரம் எல்லாவற்றையும் அடித்தேன்.
கட்டத்துக்கு மேல் புதிதாய் எழுதினேன்:
இது நின்றால் முதலில் யார் வீடு இருட்டும்?

கொஞ்சம் நகர்ந்தது. எல்லாம் இல்லை.
தனுஷ்கோடி இன்னும் கோபம்:
தண்ணீர் குறைவதைப் புரோகிராம் சொல்லியிருந்தால்
இந்த அட்டைக்கடி எதற்கு? அதுவும் நியாயம்.
பெயாரிங் முனகிக்கொண்டுதான் இருக்கிறது.

இருபத்தாறு இருபத்தைந்தாயிற்று.
இலைக்கு நேரே, ஞாயிற்றுக்கிழமைக்கு,
ரொபின்சன் தன் பெயரை எழுதிவிட்டு
ஈரக் கையால் தொட்டு அழித்துவிட்டான்.
பரவாயில்லை.
எந்தப் பெயர் என்று ஏழு பேருக்கும் தெரியும்.