சும்மா இருக்கையில்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஆட்டோ,
மடியில் ஒன்று, காலடியில் இரண்டு.
விக்கிரமசிங்கபுரத்தில் லூர்தம்மாள் வீடு.
மில்லில், ஸ்பின்னிங்கில், இருபத்தாறு வருஷம்.

பென்டிரைவை எடுத்தேன்.
"பாட்டு எதுல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்யா.
ஆன் பண்ணிட்டு விடு.
சும்மா இருக்கையில என்ன செய்யுதுன்னு பாப்போம்."

கிளாஸ் ஏபி, ஏழு கிலோ.
டிரான்ஸ்பார்மர் உர்ரென்றது.
பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டதும்
இன்னும் கொஞ்சம் உர்.
"கடன்காரன் மாதிரி வாசல்லயே நிக்கான்."

கிளாஸ் டி, டிபன் டப்பா அளவு.
சூடு கிடையாது, கரண்டும் தின்னாது.
ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தேன்:
துளி சத்தமில்லை.
எனக்கென்றால் இதைத்தான் வாங்குவேன் என்றேன்.
அவள் முகம் சுருங்கியது.
வலது காதைப் பொத்தினாள், விட்டாள், பொத்தினாள்.
"இதுல என் காதுல்லாய்யா கேக்கு."

வேலையை விட்டு ஒன்பது வருஷம்.
உள்ளே ஒரு ஷிப்ட் இன்னும் விடவில்லை.

வால்வு செட்டைக் கடைசியில்தான் பிரித்தேன்.
சிவக்க ஒரு நிமிஷம்,
பிறகு லேசான இரைச்சல்.
அந்தக் குறைக்காக
ஐந்நூறு தள்ளிக் கொடுக்கலாம் என்றிருந்தேன்.

நாற்காலியை அதன் பக்கமாக இழுத்துப் போட்டு
உட்கார்ந்தாள்.

"பாட்டு போடட்டுமா?"

"பொறுய்யா."