இடது பின்கதவு

தேர்வுக்கு அழைப்பு வந்தது நொக்வாண்டாவுக்கு.
என்னிடம் கார் இருந்தது, அவ்வளவுதான்.
அப்பாவின் பழைய டொயோட்டா,
இடது பின்கதவு ஒழுங்காக மூடாது.
சாட்ஸ்வொர்த்தில் இருட்டோடு கிளம்பி
உம்லாஸியில் அவளை ஏற்றிக்கொண்டேன்.

பல்கலைக்கழக அணியில் நாலு வருஷம்
அவள் கோல் போட்டாள்,
நான் வருகிறவர்களை மறித்தேன்.
சுவரொட்டியில் எல்லாம் அவள்.
என் படம் ஒன்றே ஒன்று, அதிலும்
பந்து முகத்தை மறைக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன் மாதம்,
புல் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது.
பாதி ஆட்டத்தில் லெஃப்ட் பேக் ஒருத்தி
தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.
பயிற்சியாளர் வேலிப் பக்கம் திரும்பினார்:
"கார் ஓட்டி வந்த பெண்ணே, ஆடுவியா?"
பூட்ஸ் டிக்கியில் இருந்தது.
ஏன் இருந்தது என்று
நொக்வாண்டா இன்றுவரை கேட்கவில்லை.

நாற்பது நிமிடம். எதிரணியில் அவள்.
வலது தோளைத் தாழ்த்தினால்
இடப்பக்கம் பாய்வாள்.
அது எனக்குத் தெரியும்,
அவளுக்கே தெரியாது.
ஒரு முறையாவது ஏமாந்திருக்கலாம் நான்.
மூன்று முறையும் பந்து என் காலில்.

ஒரு வருட ஒப்பந்தம்.
மருந்துக்கடைக் கல்லாவில் வாங்குவதைவிட
சம்பளம் கொஞ்சம் குறைவு.
படையாட்சி என்று எழுதிக் கொடுத்தேன்,
கப்பல் பதிவேட்டில் எவனோ
காதில் விழுந்தபடி எழுதிவைத்த
அந்தப் பத்து ஆங்கில எழுத்துகளில்.
"இது முதுகில் வளைந்துதான் வரும்,"
என்றாள் அலுவலகப் பெண்,
கையாலேயே அளந்து பார்த்து.

ஹாரிஸ்மித் வரை பேச்சில்லை.
வான் ரீனன் கணவாயில் மூடுபனி,
லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
அம்மா சுருட்டித் தந்த உருளைக்கிழங்கு ரொட்டியில்
ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்தாள்.
மற்றதைத் தொடவில்லை.
மூய் ரிவர் சுங்கச்சாவடியில்
சில்லறையை அவளே எண்ணிக் கொடுத்தாள்.

பிறகு, ரோட்டைப் பார்த்தபடி:
"தோளா?"
"வலது தோள்."
"எப்போதிருந்து தெரியும்?"
"முதல் வருஷத்திலிருந்து."
பீட்டர்மாரிட்ஸ்பர்க் விளக்குகள் வந்தன, போயின.
"நாம் ஒரே அணி," என்றாள்.

சொல்லியிருந்தால் மாற்றிக்கொண்டிருப்பாள்.
மாற்றியிருந்தால் இன்னும் நிறையக் கோல்.
பயிற்சி நாட்களில் மட்டும்
அவளை நிறுத்த முடிகிற ஒரே ஆள் நான் என்பது
போயிருக்கும்.
அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே
உம்லாஸி திருப்பத்தைத் தவறவிட்டு,
வண்டியைத் திருப்பி வந்தேன்.

தெருவிளக்கின் கீழே இறங்கி
பின்சீட்டிலிருந்து பையை எடுத்தாள்.
அந்தக் கதவு மூடாது என்று
நாலு வருஷமாக அவளுக்குத் தெரியும்.
இரண்டு முறை அறைந்து சாத்தினாள்.