நாற்பத்தொரு நாள்

குத்தாய்சியில், வெள்ளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
மருந்துக்கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில்
எங்கள் கடை.
லேப்டாப் விற்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.
அதிகம் எடுத்துக் கொடுப்பது
"கொஞ்சம் பொறுங்கள், புதுசு வரப்போகிறது"
என்ற வாக்கியத்தைத்தான்.
அதற்கு யாரும் பில் கேட்பதில்லை.

நானுலி மூன்று வருஷமாக வருகிறாள்.
துருக்கித் தொடர்களுக்குச் சப்டைட்டில் எழுதுபவள்.
அவளுடைய பழைய லேப்டாப்புக்கு ஒரு கீல் போய்விட்டது,
கறுப்பு டேப் சுற்றியிருக்கிறாள்.
நாயகன் கிசுகிசுக்கும் இடம் பார்த்து
உள்ளேயிருக்கும் காற்றாடி அலறும்.
உதட்டைப் பார்த்து எழுதிவிடுகிறாளாம்.
"சில சமயம் அவன் சொல்லியிருக்கக்கூடியதைவிட
நான் எழுதுவது நன்றாக இருக்கும்."

ஒரு விசையும் உதிர்ந்துவிட்டது.
எங்கள் மொழியில் இரவுக்கு, மதுவுக்கு, கடவுளுக்கு
மூன்றுக்கும் அதுதான் முதலெழுத்து.
பல்குத்தும் குச்சியால் அழுத்துகிறாள்.
இரவும் மதுவும் கடவுளும் இல்லாமல்
எந்தத் தொடரில் எந்தக் காட்சி நகரும்?

முதல் வருஷம் சொன்னேன்: இலை உதிரட்டும், புது சிப் வருகிறது.
மறு வருஷம்: திரையை மாற்றுகிறார்கள், வசந்தம்வரை பொறுங்கள்.
இரண்டும் மெய். சொன்ன நாளில் வந்தன.
வரும்போதே அடுத்தது பற்றிய சேதியும் வந்தது,
அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு
பிள்ளை வருவதுபோல.
பொறுத்தார் பூமி ஆள்வார்.
ஆளட்டும். சப்டைட்டில் யார் எழுதுவது?

இந்த ஆகஸ்டில், ரியோனி ஆறு வற்றி
வெள்ளைக் கற்கள் கண் கூசவைத்த ஒரு மதியம்
வந்தாள். உட்காரவில்லை.
"தெமுரி, இன்றைக்கு வாங்கினால்
எத்தனையாவது நாள் வருத்தப்படுவேன்?"

காலண்டரைப் பார்த்தேன். எனக்குப் பொய் வராது,
கமிஷனும் அதனால் அதிகம் வராது.
"நாற்பத்தொன்றாவது நாள்.
இதன் விலை முந்நூறு லாரி இறங்கும்."

விரல் மடித்து எண்ணினாள்.
நாற்பத்தொரு எபிசோடு.
அதற்குள் ஒரு கல்யாணம், இரண்டு கார் விபத்து,
நினைவு தப்பியவளுக்கு நினைவு திரும்ப வேண்டும்.
"முந்நூறு லாரிக்காக இன்னும் குச்சி பிடிக்கவா?
நாளுக்கு ஏழு லாரி சொச்சம்.
என் விரலின் வாடகை அதைவிட அதிகம்."

வாங்கினாள்.
பெட்டியைக் கவுன்டரிலேயே பிரித்து
அந்த ஓர் எழுத்தை மட்டும் அழுத்தினாள்.
சத்தமே இல்லை.
நம்பாதவள்போல இன்னொரு முறை.

செப்டம்பர் கடைசியில் புதுசு வந்தது.
கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்தோம்.
கதவு மணி அடித்தது: நானுலி.
நான் பிரிண்டர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய்
மைக்குப்பிகளை எண்ண ஆரம்பித்தேன்.

புதுசின் முன்னால் நின்றாள்.
எதிர்வீட்டு மருமகளைப் பார்ப்பதுபோல
மேலும் கீழும் பார்த்தாள்.
பக்கத்திலிருந்த விலைச்சீட்டையும் படித்தாள்.
"வெளியே வா தெமுரி. உன் ஷூ தெரிகிறது."

வந்தேன்.
"முந்நூறு இல்லை, முந்நூற்றைம்பது இறங்கியிருக்கிறது."
"ஆமாம்."
"வருத்தமாகத்தான் இருக்கிறது.
பாலம் தாண்டும்வரை இருக்கும்."

பிறகு கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு
குரலைத் தாழ்த்தினாள்.
"காற்றாடிச் சத்தம் இல்லை இப்போது.
அந்தப் பழைய எபிசோடைப் போட்டுக் கேட்டேன்.
மாடிப்படியில் அவன் அவள் காதில் கிசுகிசுப்பானே,
'இந்த இரவு விடியவே வேண்டாம்' என்று எழுதியிருந்தேன்,
குச்சியால்.
பாதி ஊர் அழுதது."

"என்ன சொல்லியிருக்கிறான்?"

"'சாவி எங்கே?'"

திருத்தவில்லையாம். திருத்தப்போவதும் இல்லையாம்.
ஒரு மவுஸ் வேண்டும் என்றாள், ஒயர் இல்லாதது.
அதில் அடுத்த மாதம் புது மாடல் வருகிறது.
சொல்ல வாயைத் திறந்தேன்.
பில் போட்டேன்.